மணல் நந்திக்கு ஓர் அபிஷேகம்

கிரிவலப் பாதையோரம் இருந்த மணல் நந்தியைக் கரைத்தவன் நான்தான். "மழையில் போய்விட்டது" என்று உங்களில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்... பொய்!

அந்த நந்தியைச் செய்தவன் என் தம்பி சேகர். கொத்தனார். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் வேலையில் மிஞ்சிய மணலை ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகக் கரணையால் தட்டினான். மாலைக்குள் மலையைப் பார்த்து ஒரு நந்தி படுத்திருந்தது!

நடந்து வந்தவர்கள் நின்றார்கள். ஆந்திரா பஸ்கள் நின்றன. அருகம்புல் சாத்தி, அதன் காதில் வேண்டுதலைச் சொன்னார்கள். மணலின் காதில்!

நான் சிற்பம் படித்த ஓவிய ஆசிரியன். நான் செய்த சிமெண்டுப் பிள்ளையார் பள்ளி வாசலில் இருக்கிறார். பிள்ளைகள் அவர்மேல் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள்.

வயிறு எரிந்தது. அந்தக் கழுத்து மடிப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை... இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒருநாள் கீழ்பென்னாத்தூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது சொன்னான்: "அண்ணா, நந்தி காயாம இருக்க ரெண்டு கை தண்ணி தெளிச்சா போதும். ஊத்திடாதீங்க, மணல் கரைஞ்சு உக்காந்துடும்."

அன்று பிரதோஷம். சாயங்காலம் பால் பாக்கெட்டோடு கோயிலுக்குப் போன இரண்டு பெண்களை நானே நிறுத்தினேன். "நம்ம நந்திக்கு அபிஷேகம் இல்லையாம்மா?" அவ்வளவுதான் கேட்டேன்.

"அய்யோ, ஆமாங்க சார்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பால், தயிர், இளநீர்... குடம் குடமாகத் தண்ணீர். குடம் கொடுத்தது யார்? நான்! முதலில் காது போயிற்று. பிறகு அந்தக் கழுத்து. "சாமி ஏத்துக்கிட்டாரு" என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். மகிழ்ச்சியாக இருந்தது... அதையும் மறைக்கவில்லை.

தம்பி வந்து ஈர மணலைப் பார்த்தான். "யாருண்ணா ஊத்துனது?"

"ஜனங்கதான்" என்றேன்.

அவன் மணலை வாரிக் கொட்டினான். அதன்பிறகு எதையும் செய்யவுமில்லை.

ஆனால் நீங்கள் மறக்கவில்லையே! இரண்டு வருடமாகியும் வாசலில் நின்று கேட்கிறீர்கள். போன மாதம் வந்த ஓர் அம்மா செல்போனில் படத்தைக் காட்டினார். செய்தவரை நேரில் கும்பிட வேண்டுமாம். "நீங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? நாக்கு எப்படித்தான் புரண்டதோ... திரும்பினால், பின்னால் சேகர்! வேலை முடிந்து வந்து, சிமெண்டுக் கையோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். என்னைப் பார்த்தான். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தான்.

"எங்க அண்ணன்தாம்மா. சிலை வேலை படிச்சவரு."

அந்த அம்மா என் காலைத் தொட்டார். அவன் கை கழுவப் போய்விட்டான்.

அவனுக்கு எவ்வளவு தெரியும்? கேட்க எனக்குத் துணிவில்லை. ஒன்று மட்டும் உங்களிடம் சொல்கிறேன்... அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராதே!