மாடியில் டைப்ரைட்டிங், கீழே சாக்கடை

அறுபதுகளின் கடைசியில், தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. பதினோரு மெஷின்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு எப்போதும் ஏதாவது உடம்புக்கு வந்துகொண்டே இருக்கும். எனக்கு நேர் கீழே ஒரு சைவ ஹோட்டல். அதன் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். காலையில் அவருடைய சாம்பார் வாசனை மாடிப்படி ஏறி வரும்போதுதான் என் முதல் பேட்ச் பிள்ளைகளுக்கு விரல் ஓடத் தொடங்கும்.

ஒரு நாள் சாம்பாருக்குப் பதிலாக வேறொன்று ஏறி வந்தது.

முதலில் யாரோ எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரையும் செருப்பைப் பார்க்கச் சொன்னேன். செருப்பில் ஒன்றுமில்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். கட்டடத்தின் பின்புறம் கழிப்பறைகளும் ஹோட்டலின் பாத்திரம் கழுவும் இடமும் இருந்தன. அங்கே சுவரோரமாகக் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மறுநாள் அது ஹோட்டல் ஆட்டுக்கல் வரை வந்துவிட்டது. அரசாங்கத் தேர்வுக்கு மூன்றே வாரம். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பீட் அடிக்க முடியாது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

கட்டட உரிமையாளர் பட்டணத்தில் இருந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எழுதினேன். "அந்தக் குழாயை என் தகப்பனார் பதித்தார். அதற்கு ஒன்றும் ஆகாது" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இன்னொரு முறை எழுதினேன். பதிலே வரவில்லை.

அன்று ஹையர் பரீட்சைக்குப் படிக்கும் பேட்சுக்கு என்ன பாடம் கொடுப்பது என்று யோசித்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. என் புகார்க் கடிதத்தையே இங்கிலீஷில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். "பத்து நிமிஷம். தப்பில்லாம அடிக்கணும். மார்ஜின் சரியா இருக்கணும்" என்றேன். பதினோரு மெஷினும் ஒரே சமயத்தில் சாக்கடையைப் பற்றி முழங்கின. அடுத்த பேட்சுக்கும் அதே பாடம்தான். மாலையில் பத்தொன்பது கடிதங்களை, தப்பு இருந்தவற்றையும் சேர்த்து, தனித்தனி உறைகளில் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

இரண்டாம் நாள் காலை மின்சார ரயிலில் உரிமையாளரே வந்து இறங்கிவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. படியேறி வந்ததும் முதல் கேள்வி, "யாரம்மா அது, சூவேஜுக்கு எஸ் போடாம விட்டது?"

பின்பக்க ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். எட்டிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார். "நான் அடிக்கடி வர முடியாது. நீயே முன்னால நின்னு செய்யம்மா" என்றார். அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஹோட்டல்காரரால் அடுப்பை விட்டு நகர முடியாது. மிச்சமிருந்தது நான்தான்.

விசாரித்து ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் வருவார். நாற்பது வயதிருக்கும். கூட இரண்டு ஆட்கள். ஏர்போர்ட் பக்கம் எத்தனையோ கட்டடங்களுக்குக் குழாய் போட்டவர் என்றார்கள். வந்தவர் மண்வெட்டியைத் தொடவில்லை. கட்டடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு என்னிடம், "டீச்சர், துணிக்குப் போடற நீலம் கீதா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"தண்ணி எங்க போவுதுன்னு தண்ணியாண்டதான் கேக்கணும்."

முற்றத்தின் கோடியில், தூங்குமூஞ்சி மரத்துக்கு அப்பால், செப்டிக் டேங்க் இருந்தது. கழிவெல்லாம் மண்ணுக்கடியில் குழாய் வழியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். இரண்டு ஆட்களும் கடப்பாரையால் அதன் மூடியை நெம்பித் திறந்து தூரப் போய் நின்றார்கள். நான் மூக்கை மூடிக்கொண்டேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர் இது, டேங்க் காஞ்சி போய்க் கீது!"

உண்மைதான். அடியில் சருகும் ஒரு பழைய பந்தும் கிடந்தன. வருஷக்கணக்காக அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஒரு ஹோட்டலின் கழிவும் ஒரு மாடியின் கழிவும் இத்தனை நாள் எங்கே போயின?

இரண்டு வாளித் தண்ணீரில் நீலப்பொடியைக் கரைத்துக் கழிப்பறையில் ஊற்றினேன். பிறகு இன்னும் நாலு வாளி. எல்லோரும் முற்றத்தில் காத்து நின்றோம். கால் மணி நேரத்தில் பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டியது. கடைக்குப் பின்னாலேயே முதலாளியின் வீடு. அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எங்க டேங்க்ல நீலமா வருது! என்ன கலந்தீங்க?" என்று கத்தினார்.

மேஸ்திரி சுவரேறிப் பார்த்துவிட்டு வந்து விளக்கினார். எங்கள் பழைய குழாயை மரத்தின் வேர் நடுவழியில் நொறுக்கியிருந்தது. ஜவுளிக்கடை கட்டியபோது, அங்கே வேலை செய்தவர்கள் மண்ணில் அந்த உடைந்த குழாயின் முனையைப் பார்த்து, தங்களுடையது என்று நினைத்து அதைத் தங்கள் டேங்குக்கு இணைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்களுடையது முழுக்க அவர் டேங்குக்குப் போயிருக்கிறது. இப்போது அந்த வழியும் பாதி அடைத்துக்கொண்டது.

ஜவுளிக்கடைக்காரர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. "வருஷத்துக்கு மூணு தரம் டேங்க் ரொம்புதேன்னு கடைப் பசங்களைத் திட்டினேன் டீச்சர்! தண்ணி ஜாஸ்தி குடிக்காதீங்கடான்னு பானையையே எடுத்து வச்சிட்டேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஹோட்டல்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பவே சாக்கை வச்சு அடைக்கிறேன், பாருங்க" என்று திரும்பினார்.

அடைத்தால் மொத்தமும் ஹோட்டல் சமையலறைக்குள் வரும். ஓடிப்போய் சுவரோரம் நின்றேன். "சார், உங்க பொண்ணு லோயர் பரீட்சைக்கு என்கிட்டதான் படிக்கிறா. நீங்க அடைச்சா நான் இன்ஸ்டிட்யூட்டை மூடணும். பத்து நாள் குடுங்க" என்றேன். அவர் அங்கேயே நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "குடுங்களேன். இத்தனை வருஷம் வந்தது இன்னும் பத்து நாள் வரட்டும்."

அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. குழி தோண்டினால் எங்கள் கழிப்பறைகளை மூட வேண்டும். என் பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவரே தன் வீட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டார். "எப்படியும் எங்க டேங்குக்குத்தானே வருது, நேராவே வரட்டும்" என்றார்.

வேலை தொடங்கியது. ஆட்டுக்கல்லை நகர்த்த ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதன் அடியிலிருந்து மரத்தைச் சுற்றி டேங்க் வரை நீளமாகக் குழி. பழைய குழாய் துண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டுக்குள் வேர் சடை பின்னியதுபோல நிறைந்திருந்தது. மேஸ்திரி அதை உருவி எடுத்து எனக்குக் காட்டினார். என் தலைமுடியைவிட நீளம்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. அவர் நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நூலின் ஒரு முனையைப் பிடித்தவள் நான். பாதி தூரத்துக்கு அந்தக் குழாய் டேங்கை நோக்கி இறங்காமல் ஏறியிருந்தது.

"தண்ணி மாடிப்படி ஏறுமா டீச்சர்? போட்டவன் நல்லா தூங்கிகினு போட்டுக்கிறான்."

இதைச் சொல்லும்போது கட்டட உரிமையாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சொல்லாமல் ரயிலேறி வந்திருந்தார். "என் தகப்பனார் வேலை அப்படி இருக்காது" என்று சொல்லிக்கொண்டே, குடையால் சுட்டிக்காட்டக் குழியின் விளிம்புக்கு வந்தார். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. விளிம்பு சரிந்தது. வெள்ளை வேட்டியோடு முழங்கால் அளவு சேற்றில் நேராகப் போய் நின்றார். விழவில்லை. குடையும் விரிந்துவிட்டது.

அவரே குனிந்து தன் காலடியில் கிடந்த குழாயைப் பார்த்தார். கையை வைத்துத் தடவினார். "ஆமாய்யா, ஏறித்தான் இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அப்பா மத்ததெல்லாம் நல்லாத்தான் செஞ்சார்" என்றார். ஜவுளிக்கடைக்காரர் புது வேட்டி ஒன்றைச் சுவருக்கு மேலே நீட்டினார். நாலங்குலக் குழாய்க்குப் பதிலாக ஆறங்குலக் குழாயே போடலாம் என்று உரிமையாளர் அன்றே ஒத்துக்கொண்டார்.

புதுக் குழாய்கள் மாட்டு வண்டியில் வந்தன. பளபளப்பான சுட்ட மண் குழாய்கள். மேஸ்திரி ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுக் கரணையால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்லது மணிபோல் ஒலிக்கும். கீறல் விட்டது 'டொக்' என்னும். நாள் முழுக்கப் பதினோரு மெஷின் சத்தத்தில் எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் காது எனக்கு. நானும் தட்டிப் பார்த்தேன். அவர் நல்லது என்று ஒதுக்கிய ஒரு குழாயை, "இது சரியில்லை மேஸ்திரி" என்றேன். அவர் மறுபடி தட்டினார். திருப்பிப் பார்த்தார். விளிம்புக்கடியில் மயிரிழை போல ஒரு கீறல். "டீச்சர், நீங்க மெஷினெல்லாம் வித்துட்டு என்னோட வந்துருங்க" என்றார். அன்றைக்கு நான் பாடம் நடத்தியபோது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஹோட்டல்காரர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் முதல் நாள் மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் டீயைப் பின்வாசல் படியில் தனி அலுமினிய டம்ளரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேஸ்திரி டம்ளரைப் பார்த்தார். "டீ வோணாம் சார், இப்பதான் குடிச்சோம்" என்றார். குடித்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தேன். நாங்கள் நாலு பேரும் மரத்தடியில் என் டம்ளர்களில் குடித்தோம். கோயிலில் யாரோ தன்னிடம் கேட்டதாக அம்மா சொன்னார்: "உங்க பொண்ணு சாக்கடைக்காரங்களோட காபி குடிக்கிறாளாமே?" "ஆமா, சர்க்கரை நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் குழாய் இணைப்புகளின் சிமென்ட் காய்ந்துவிட்டது. மேஸ்திரி ஹோட்டல்காரரிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டார்.

"பூஜைக்கா?"

"இல்ல சார், ரூட் பாக்கறதுக்கு."

மேல்முனையில் பழத்தைப் போட்டு ஒரு வாளித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு பேட்ச் பிள்ளைகளும் ஜன்னலில். ஜவுளிக்கடைக்காரர் குடும்பத்தோடு சுவருக்கு மேலே. நான் டேங்க் அருகே. முதலில் சலசலப்புக் கேட்டது. பிறகு, சின்னச் சத்தத்தோடு, மஞ்சளாகப் பழம் டேங்குக்குள் வந்து விழுந்தது. நான் கையைத் தூக்கினேன். மாடியிலிருந்து எழுந்த கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

மேஸ்திரியும் ஆட்களும் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்தார்கள். சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து சலவைச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு பின்வாசல் பக்கம் போகாமல், தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக ஹோட்டலுக்குள் நுழைந்து, நடு மேஜையில் உட்கார்ந்தார்கள். நான் பின்னாலேயே போய் நாலாவது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நாலு இட்லி, ஒரு வடை. மத்த மூணு பேருக்கும் அதேதான்" என்றார் மேஸ்திரி. சர்வர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கல்லாவில் இருந்து எங்களைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

முதலாளி எழுந்தார். தானே நாலு இலையை எடுத்துவந்து போட்டார். தண்ணீர் தெளித்தார். இட்லி வைத்த பிறகுதான், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து, "சாம்பார் ஊத்தட்டுமா அண்ணே?" என்று கேட்டார்.

"ஊத்துங்க சார். நெறையா ஊத்துங்க. இனிமே எவ்ளோ கழுவி வுட்டாலும் போவும்."

பக்கத்து மேஜைக்காரர் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினார்.

அந்த முறை தேர்வு எழுதிய என் பிள்ளைகளில் மூன்று பேரைத் தவிர எல்லோரும் தேறினார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகள் முதல் வகுப்பு. எனக்கு வேறொரு பெயரும் வந்து சேர்ந்தது. கடைத்தெருவில் யாருடைய கடைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினாலும், "மாடி டீச்சரைக் கேளுங்க" என்பார்கள். ஒரு முறை இரும்புலியூரிலிருந்து ஒரு மாவு மில்காரர் இன்ஸ்டிட்யூட் வாசலில் வந்து நின்றார். சேர்க்கைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, "லோயரா, ஹையரா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க டீச்சர்" என்றார் அவர். "பைப்பு லோயராதான் கீது. டேங்க்தான் ஹையரா கட்டிட்டாங்க."

பாடத்தை முடித்துவிட்டு, அவரோடு பஸ் ஏறினேன்.