எட்டு நாள் வேகாத அரிசி

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலை நாலேகாலுக்கு எழுந்தேன். கிணற்றில் இரண்டு வாளி நீர் இறைத்துக் குளித்தேன். முந்தின மாலையே மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, அண்ணி கொடுத்த காப்பியை நின்றபடி குடித்தேன். பையில் இருந்தவை: சமையல் பொருள்களை நிறுக்கும் கொக்கித் தராசு, அதன் தகரத் தட்டு, புதுத் தாள்கள் இருபத்திரண்டு, முந்தின நாள் எழுதிய தாள்கள், பென்சில் இரண்டு, பென்சில் சீவும் கத்தி, குடை. விழுப்புரத்திலிருந்து ஐந்து நாற்பதுக்குப் புறப்படும் பாசஞ்சரில், இஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டியில், எட்டாவது நாளாக அதே ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சுகாதார இலாகாவில் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட நர்ஸ். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு முன்பாக ஓர் ஏரி. ஏரிக்கரை முடியும் இடத்தில் கூலிவேலை செய்பவர்களின் தெரு. பதினோரு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்குச் சமைக்க எடுத்து வைத்திருப்பதைப் பத்து நாள் நிறுத்து எழுதுவது என் வேலை. அது முதல் தாள். இரண்டாவது தாளில் மூன்று கேள்விகள்: தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி? இந்த இரண்டாவது தாள் எங்கள் டாக்டரம்மா தாமாகச் சேர்த்தது. "வயித்தை மட்டும் எழுதினா பாதி ஆளைத்தான் எழுதினதா அர்த்தம்" என்பார்.

தூக்கத்துக்கான கட்டம் அரை அங்குல அகலம்தான். 'நன்று', 'குறைவு' என்று எழுதவே அது போதும். தெருவிலோ, தூக்கம் எப்படி என்று கேட்டால் கனவைச் சொன்னார்கள். ஏரி முழுக்க மல்லாட்டைச் செடியில் கடலை காய்த்துக் கிடக்கிறது, பறிக்கக் குனிந்தால் விடிந்துவிடுகிறது என்றாள் ஒருத்தி. செத்துப்போன மாடு தினமும் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்கிறது என்றாள் இன்னொருத்தி. கட்டத்துக்குள் அடங்காததைத் தாளின் பின்பக்கம், எண் போட்டு, பொடி எழுத்தில் எழுதி வைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் எனக்கு வழக்கமாக ஓர் அரைத்தூக்கம் வரும். எழுதிய கனவுகளெல்லாம் அப்போதுதான் திரும்பி வரும். எது யாருடையது என்று தாளில் தெளிவாக இருந்தும், வண்டியின் ஆட்டத்தில் எல்லாம் என்னுடையவை போலவே தோன்றும்.

அன்று வண்டி மயிலத்துக்கு முன்னால், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம். ஆடி மாதத் தூறல், தூறலுக்குள் பனைமரங்கள், எங்கோ மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் ஓசை. பெட்டியில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னலில் தெரிந்த பனைகளை எண்ணினேன், பதினேழு. மறுபடி எண்ணினபோது பதினாறு. வண்டி நிற்கவில்லையோ, மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது.

திண்டிவனத்தில் இறங்கியபோது பஸ் போய்விட்டிருந்தது. விதை மல்லாட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு மாட்டுவண்டிக்காரர் இடம் கொடுத்தார். பாதி வழியில் சாலையை விட்டு வண்டியைத் திருப்பினார். "ஏரிக்கரை மேலயே போய்டலாம்மா, ஜல்தியா பூடலாம்" என்றார். இப்படித்தான் நான் அன்று அந்தத் தெருவுக்குள் அதன் கடைசிப் பக்கமாக நுழைந்தேன். ஏழு நாளும் சாலைப் பக்கமிருந்த முதல் வீட்டில், சரியாக எட்டு மணிக்குத் தொடங்கி வரிசையாகப் போய், பத்தரைக்குக் கடைசி வீட்டில் முடித்திருந்தேன்.

கடைசி வீட்டுக்காரி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஏழு மாதம். வயிறு தவிர மற்றதெல்லாம் குச்சி. புருஷன் அன்று காலைதான் மயிலம் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இன்னா நர்சம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"இன்னைக்கு இந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறேன். சமைக்க எடுத்து வச்சதைக் கொண்டா."

"அரிசி இன்னும் வரலீங்க" என்றாள்.

"எங்கேயிருந்து வரணும்?"

பதில் பக்கத்து வீட்டு வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்பாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி நாற்பதைத் தாண்டியவள். வாய்க்குப் பூட்டில்லை என்று தெருவே சொல்லும்.

"அது மொத வூட்டுல குந்திக்கினு கீதும்மா, உங்கள எதிர்பாத்துக்கினு. நீங்க அங்க வராம இங்க வந்துட்டா, அது இன்னா பண்ணும் பாவம்?"

நான் பையைக் கீழே வைத்தேன். மெல்ல மெல்லப் புரிந்தது. பண்ணையில் நாற்று நட்டதற்குக் கூலியாக வந்த அரிசியில் ஆளுக்கு இரண்டு பிடி போட்டு ஒரு மூட்டை சேர்த்திருந்தார்கள். முதல் வீட்டில் நான் நிறுத்து முடித்து இரண்டாவது வீட்டுக்குள் நுழைவதற்குள், கொல்லைப் பக்கமாக அந்த அரிசி எனக்கு முன்னால் போய்விடும். அப்படியே பதினோரு வீடும். என் கடிகாரமும் என் வரிசையும் தப்பாதவை. அதை நம்பித்தான் அரிசி நடந்தது.

"எல்லா வீட்டுலயும் அளவு வேற வேறயா இருந்ததே" என்றேன்.

"பின்ன? ரெண்டு ஆளு வூட்டுலயும் ஆறு ஆளு வூட்டுலயும் ஒரே அளவு இருந்தா நீங்க கண்டுபுடிச்சிட மாட்டீங்க? ஆளுக்குத் தக்கபடி எடுத்து வச்சிட்டு மீதிய ஒளிச்சோம். பருப்பும் அப்பிடித்தான்" என்றாள் வேலிக்காரி. "நடந்து நடந்து அந்த அரிசிக்கே காலு வலிச்சுப் போச்சும்மா. பத்தாம் நாளு வடிச்சு எல்லாரும் துன்னலாம்னு இருக்கோம். ஒரு நாளாவது வேவணும்னு அதுக்கும் ஆச இருக்காதா?"

"அப்போ நீங்க சாப்பிடறது?"

வேலிக்காரி உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். கேப்பைக் கூழ், முந்தாநாள் கரைத்தது. "எழுதறதுக்கு மின்ன ருசி பாத்துடுங்க" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். நான் வாங்கிக் குடித்தேன். நல்ல புளிப்பு. பாதி சட்டிக்கு மேல் தண்ணீர். அவள் கிண்டலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏதோ மிதப்பது போல இருந்தது. முதல் தாள்கள் மட்டும் எழுபத்தேழு, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவை. அவற்றை வைத்துத்தான் டாக்டரம்மா குழம்பிக்கொண்டிருந்தார்: அரிசி போதுமான அளவு இருக்கிறது, உடம்பு மட்டும் ஏறவில்லை, குடற்புழுவாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதம் பால் கொடுக்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. சாப்பாடு போதாத வீடுகளுக்குத்தான் பால். மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டியலை முடித்து அனுப்புகிறார்கள். என் கையெழுத்தில் இருந்தபடி, கடைசி வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

"இதை யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

அவளும் புருஷனும் சுமத்ராவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள். அங்கேயும் ஒரு டாக்டர் வருவாராம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி இரும்புத் தராசில் ஏற்றுவார்களாம். காய்ச்சலில் புருஷன் இளைத்துப் போன மாதம், எடையைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மறுவாரம் இருவரும் கப்பலில். "வயித்துல இருந்தது கப்பல்லயே பூட்ச்சு" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "தராச எடுத்துக்கினு வர்றவங்க லேசா இருக்கறவங்களத் தேடித்தான் வர்றாங்கன்னு இவங்க எல்லாருக்கும் நாந்தான் சொன்னேன்."

"இது உங்க ஊர். இங்கேயிருந்து எங்கே அனுப்ப முடியும்?"

"அதான் எங்களுக்கும் தெரியல. தெரிஞ்சா பயமா இருக்காது."

முந்தின நாள் தாள்களை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஏழு நாளாக எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "கடைசி வீடு. ஆள் இரண்டு. அரிசி ஒன்றேகால் ராத்தல். பருப்பு இரண்டு அவுன்சு. கீரை ஒரு பிடி. தூக்கம் நன்று. பசி நன்று. மனசு நன்று."

அவள் கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்பது போலக் கேட்டாள்.

"யாரு வூடும்மா இது?" என்றாள். "நல்லா துன்னுக்கினு, நல்லா தூங்கிக்கினு… இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"கூப்ட்டா நானும் அங்கயே போய் இருந்துக்குவேன்" என்றாள். வேலிக்காரி சிரிக்க ஆரம்பித்து, சிரிக்காமல் விட்டுவிட்டாள்.

பென்சிலைச் சீவிக்கொண்டு, அந்தத் தாள்களின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். புதுத் தாள் எடுத்து, அவள் பானையில் இருந்த கேப்பை மாவை நிறுத்தேன். இரண்டாவது தாளுக்கு வந்து, தூக்கம் எப்படி என்று கேட்டேன். ஏழு நாளாக 'நல்லா' என்று மட்டும் சொல்லிவந்தவள் அன்று கொஞ்சம் யோசித்தாள்.

"கடலு வரும். நடுக் கடல்ல அந்த இரும்புத் தராசு மெதந்துக்கினு இருக்கும். ஏறு ஏறுன்னு யாரோ சொல்லுவாங்க. ஏறுவேன். அது முழுகவே முழுகாது. நானும் குதிச்சுக் குதிச்சுப் பாப்பேன். தண்ணி அசையக்கூட அசையாதும்மா. அவ்ளோ லேசு."

பின்பக்கம், எண் போட்டு எழுதிக்கொண்டேன். தூறல் நின்று ஏரியில் வெயில் விழுந்திருந்தது. புளித்த கூழ் எனக்கும் கண்ணைச் சொக்கியது. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதற்கு மட்டும் என் நாட்குறிப்பில் மணி இல்லை.

மற்றப் பத்து வீடுகளிலும் உண்மையை நிறுக்கப் பிற்பகல் இரண்டாயிற்று. மூன்றரைக்குத் திண்டிவனத்தில், டாக்டரம்மாவின் மேஜை மேல் எல்லாத் தாள்களையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தத் தாளைப் பாத்துப் பாத்து நான் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேனே. எவ்வளவு சுத்தமான எழுத்து!"

"தப்பு என்னுடையது. நான் நேரம் தவறாமல் போனேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏழு நாள் ஒரு கணக்கு, எட்டாம் நாள் வேற கணக்குன்னா மேலே நம்ப மாட்டாங்க. அந்தப் பொண்ணு பேரைச் சேர்க்கணும்னா அவளோட எடை வேணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள" என்றார்.

"அவள் தராசில் ஏற மாட்டாள்."

"ஏறலைன்னா பால் இல்லை. எனக்கு மட்டும் ஆசையா?"

ஆட்களை நிறுக்கும் பெரிய தராசை ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். மேலே ஒரு வளையம், கீழே இரண்டு கயிறும் ஒரு பலகையும். கிளையில் கட்டிப் பலகையில் உட்கார வைக்க வேண்டும். அன்று விழுப்புரம் திரும்பவில்லை. அண்ணனுக்கு ரயிலில் போகிறவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தாதிகள் இருந்த அறையில் தங்கினேன்.

ஆகஸ்ட் 10, புதன்கிழமை. முதல் பஸ்ஸில் போய், ஆறேமுக்காலுக்குத் தெருவை அடைந்தேன். முதல் வேலையாக, கடைசி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேப்பமரத்தின் கிளையில் தராசைக் கட்டி, முள் சைபரில் நிற்கும்படி திருகினேன். அவள் வாசற்படியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடை நூறு ராத்தலுக்குக் குறைவா இருந்தா உனக்குப் பால் குடுப்பாங்க. மூணு மாசம், தினமும்" என்றேன். "கூடுதலா இருந்தா கிடையாது."

"கொறஞ்சாவா குடுக்கறாங்க?"

"குறைஞ்சாத்தான்."

"இன்னா பேஜாரும்மா இது, எல்லாம் தலகீழா கீது" என்றாள். வேலிக்காரி, "ஏறுடி. ஒனக்கு இல்லாட்டி அந்தப் பால நான் குடிக்கறேன்" என்றாள்.

அவள் வந்து இரண்டு கயிறுகளையும் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். கால் மட்டும் தரையை விடவில்லை.

"கால தூக்கணுமா?"

"தூக்கணும்."

"தூக்கினா நீங்க புடிச்சுக்குவீங்களா?"

"பிடிச்சா எடை தப்பா வரும். இங்கேயே நிக்கறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் ஒரு காலையும் அப்புறம் இன்னொன்றையும் தூக்கினாள். பலகை மெல்ல ஏரிப் பக்கமாகத் திரும்பி நின்றது. எண்பத்தாறு ராத்தல். அவளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன், பிறகு எழுதிக்கொண்டேன்.