கிரீடத்தோடு இறங்கி வந்த டாக்டர்

போன வருடம் செவிலியர் தினத்தன்று சாயங்காலம், சிதம்பரத்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள் நான். அன்று வீடு திரும்பும்போது, பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், அவர் ஆலப்பாக்கத்தில் இறங்கும் வரை இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன். பாவம், அவருக்குத் தூக்கம் கெட்டது.

வழக்கமாக அந்த நாளில் கேக் வெட்டுவோம், மியூசிகல் சேர் ஆடுவோம். அந்த வருடம் நிர்வாகம் வேறு மாதிரி யோசித்தது. நோயாளிகளிடமும் நமக்குள்ளும் எப்படி அன்பாகப் பேசுவது என்று புரொஜெக்டர் வைத்து நடத்திய வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அதனால் ஒவ்வொரு வார்டும் அதையே நாடகமாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வார்டு பிசியோதெரபிஸ்ட்டின் தாய்மாமா கூத்துக் கட்டுகிறவர். அப்புறம் கேட்கணுமா? தெருக்கூத்து என்று முடிவாயிற்று. கிரீடம் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்து உட்கார்ந்துவிட முடியாது. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், எந்த தேசம், எதற்கு வந்தேன் என்று கட்டியக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் திரை விலகும். கட்டியக்காரன் கோமாளி. அவன் ராஜாவையே கிண்டல் பண்ணலாம், சபையில் யாராவது கேட்டால் அந்தக் கேள்வியையும் ராஜாவிடம் போட்டுவிடலாம். அந்த வேஷம் எனக்கு. என்னை மாதிரி வாயாடிக்கு வேறென்ன கொடுப்பார்கள்? டிரிப்ஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, கூம்புத் தொப்பி செய்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. சிப்காட்டில் வெல்டர் வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். சர்க்கரை ஜாஸ்தியாகி, காலில் புண் வந்து, இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. மறுநாள் ஆபரேஷன். அவரோ மூட்டை முடிச்சைக் கட்டிவிட்டார். யாரோ பச்சிலை கட்டுகிறாராம். சாயங்காலம் மச்சான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான், கிளம்பப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அப்படிப் போனால் கால் முழுதும் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அவருடைய மனைவி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

நான் எவ்வளவோ சொன்னேன். "ரெண்டு விரலுதாங்க எடுப்பாங்க."

"இன்னாத்துக்கு சிஸ்டர் பொய் சொல்றீங்க? எங்க கம்பெனியில ஒருத்தருக்கும் இப்புடித்தான் சொன்னாங்க. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க."

"சத்தியமா ரெண்டு விரல்தான்."

"அத பெரிய டாக்டர் சொல்லட்டும். வந்தாரு, காலப் பாத்தாரு, கூட வந்தவங்ககிட்ட இங்கிலீஷ்ல இன்னாவோ சொன்னாரு, போயிட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. அவுரு பேரு கூட எனக்குத் தெரியாது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்ன டாக்டர் வந்து சொல்லியும் நம்பவில்லை. பெரிய டாக்டரிடம் சொல்லலாமென்றால், அவர் காலையிலிருந்து ஆபரேஷன் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. கை தங்கமான கை. வாய் மட்டும் திறக்காது. எங்களுக்கெல்லாம் சிம்மசொப்பனம். நேராக வாசல் பந்தலில் நடந்த விழாவுக்குத்தான் வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அங்கேதான் முதல் கூத்து. ராஜா வேஷம் போட வேண்டிய பார்மசி தம்பிக்கு மதியத்திலிருந்து வாந்தி. என்ன செய்வதென்று முழித்தோம். எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒரு குருட்டுத் தைரியத்தில் பெரிய டாக்டரிடமே போய், "சார், ராஜா இல்லை, நீங்க வரீங்களா?" என்று கேட்டுவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். டாக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான்யா. கொண்டா கிரீடத்த" என்று எழுந்தாரே பார்க்கலாம்!

வார்டில் கட்டிலைச் சுற்றி மறைக்கும் பச்சைத் துணிதான் திரை. அதற்குக் கீழே அவருடைய ஷூ மட்டும் தாளத்துக்குக் குதித்தது. கூட்டம் விசிலடித்தது. எனக்கும் வேகம் வந்துவிட்டது.

"நில்லும்! திரைக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

"ஏன்டா கட்டியக்காரா, கத்தி தேசத்து மகாராஜாவைத் தெரியவில்லையா?"

"தெரியுது ராஜா. எம் பேரு உமக்குத் தெரியுமா?"

ஷூ நின்றுவிட்டது. "சிஸ்டர்" என்று பதில் வந்தது. துப்புரவு அக்காவிலிருந்து வாட்ச்மேன் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருடக்கணக்கில் ஒரே வார்டு, பேர் தெரியாது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். வண்டிக்காக வீல்சேரில் காத்திருந்த அந்த வெல்டர் கையைத் தூக்கியிருந்தார்.

"கட்டியக்காரரே, ராஜாவ ஒண்ணு கேளுங்க. எங்கால எது வரைக்கும் வெட்டப் போறாராம்?"

சிரிப்பு பட்டென்று அடங்கியது. ஏதாவது ஜோக் சொல்லித் தாண்டிப் போய்விடலாம். போனால் இவர் வண்டி ஏறிவிடுவார். தலையில் தொப்பி இருக்கிற தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ராஜாவே, சபையில ஒருத்தர் கேக்கறாரு. அவுரு கால எது வரைக்கும் எடுப்பீங்க? பதில் சொன்னாத்தான் திரை விலகும்."

திரையை யாரும் விலக்கவில்லை. டாக்டரே தள்ளிக்கொண்டு வந்தார். மேடையை விட்டு இறங்கி, கிரீடத்தோடு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், வீல்சேருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் தன் பேரைச் சொன்னார்.

"நாந்தான் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப் போறவன். ரெண்டு விரல்தான் எடுக்கணும். இதோ, இதுவும் இதுவும். இன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டீங்கன்னா சீழ் மேல ஏறிடும். அப்ப நீங்க பயப்படற மாதிரிதான் ஆவும்."

"நெசமாவா?"

"கிரீடம் வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாதுங்க."

வெல்டரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வெல்டர் போனை எடுத்தார். "மச்சான், எங்க வர? வண்டி வேணாம்டா. நான் வரல. நீ மட்டும் வா, இங்க கூத்து நடக்குது."

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் மேடைக்குத் திரும்பி வந்து என் எதிரில் நின்றார். "கட்டியக்காரரே, உங்க பேர் என்ன?" எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் இரண்டே விரல்கள்தான் எடுத்தார்கள். சில மாதம் கழித்து அவர் புறநோயாளிப் பிரிவுக்கு நடந்தே வந்தார். திருவந்திபுரம் கோயிலில் முடி இறக்கிய மொட்டைத் தலை. மலைப் படியெல்லாம் ஏறினாராம். என்னைப் பார்த்ததும், "ராஜா இருக்காரா?" என்று கேட்டார்.

அன்றோடு எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எரிந்து விழுகிறவர்கள் இன்னும் உண்டு. எனக்கே சில நாள் கோபம் வரும். ஆனால் பெரிய டாக்டர் இப்போது ஒவ்வொரு கட்டிலருகேயும் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் நோயாளியைத் தொடுகிறார். நானும் அந்தப் பச்சைத் துணியை விலக்கும் முன், நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பவர் என்னென்ன பயத்தோடு மூட்டை கட்டி வைத்திருக்கிறாரோ, யார் கண்டது?