காயம்: இல்லை

எழுபதுகளின் நடுவில் கேரளத்தில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்தேன். வருஷம் முடிந்ததும் அரசுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். வேலையில் அடிபட்டு, சாகாமல் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அடிபட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலைக்கு வராமல் இருந்தால்தான் அது காயம். அதற்குள் வந்துவிட்டால் கணக்கில் வராது. தொழிற்சாலையை நடத்திய டீமேக்கர் இந்த ஓட்டையை நன்றாகக் கண்டுவைத்திருந்தார். நான்தான் அந்தக் கட்டத்தில் வருஷா வருஷம் ‘இல்லை’ என்று எழுதினேன்.

தூள் சலிக்கும் அறையில் ஓர் அக்கா வேலை செய்தாள். சலிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி இருந்தது. பெல்ட் நழுவும்போதெல்லாம் மூடியைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று அதைத் தூக்கி ஒரு மூலையில் போட்டுவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அந்த பெல்ட் அவளுடைய வலது கையை இழுத்தது. இரண்டு விரல்கள் போயின.

புதன்கிழமை விடிந்ததும் தொழிற்சாலை ஜீப் அவள் குடியிருந்த லயத்துக்குப் போனது. காய்ச்சலோடு கிடந்தவளைக் கொண்டுவந்து சலிப்பு அறையில் ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

“ஆள் வந்தாச்சுல்ல? ஹாஜர் போடுய்யா” என்றார் டீமேக்கர்.

“அந்த அக்காவுக்குக் காய்ச்சல் கொதிக்குது சார்.”

“உக்காந்துதான இருக்கா? அதுவும் வேலைதான்.”

போட்டேன். பன்னிரண்டு நாள் அப்படிப் போட்டேன். மத்தியானத்தில் மற்ற பெண்கள் அவளுக்குச் சோறு ஊட்டுவார்கள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். “ஏன் தம்பி, என்னைய எதுக்கு இங்க உக்கார வச்சிருக்காக?”

மறைக்க முடியவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரக் கணக்கைச் சொன்னேன். “அப்ப என் விரலு போகவே இல்லயா?”

அன்றும் அவளுக்கு ஹாஜர் போட்டேன்.

சில வாரம் கழித்து அரசு இன்ஸ்பெக்டர் வந்தார். விபத்துப் பதிவேட்டைப் புரட்டி, நல்லது, ஒன்றுமில்லை என்று மலையாளத்தில், “கொள்ளாம், ஒந்நுமில்ல” எனச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

“சார், ஒருக்கா சலிப்பு அறைக்கு வாங்க” என்றேன். டீமேக்கர் என்னை முறைத்தார்.

அக்கா இடது கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். விரல் போன வலது கையைக் காட்டி, “கைக்கு எந்து பற்றி?” என்று, என்ன ஆனது எனக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டீமேக்கர் முந்திக்கொண்டார். “வீட்டுல விறகு வெட்டுறப்ப...”

“வெறகா?” துடைப்பத்தைக் கீழே போட்டாள். “வலது கையில அருவாளப் பிடிச்சு வெட்டுனா வலது கை விரலா போகும்? எங்க, நீங்க வெட்டிக் காட்டுங்க பாப்போம்!”

பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி மூலையில் கிடந்த மூடியை இழுத்துவந்து இன்ஸ்பெக்டரின் காலடியில் போட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஹாஜர் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அந்த வாரமே மூடி பெல்ட்டில் ஏறியது. அந்த வருஷப் படிவத்தில் ஒரு காயமும் ஏறியது. என்னை மலை உச்சியில் தோட்டத்தின் ஒரு டிவிஷனுக்குத் தூக்கியடித்தார்கள். டீமேக்கர் அதே நாற்காலியில் இருந்தார்.

அக்காவுக்கு முந்தைய வருஷங்களில் தோள்பட்டை முறிந்த ஒருவனும், நீராவியில் முகம் வெந்த ஒருத்தியும் இதே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் ஹாஜர் போட்டேன். மாநிலத்தின் எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. விபத்துகள் குறைந்துவிட்டதாக யாராவது புள்ளிவிவரத்தை நீட்டினால், அதை எழுதியவனின் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.