சண்டை போடாத வெள்ளணுக்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸில், அக்கா வீட்டில் தங்கி எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அத்தானுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து வருஷக்கணக்காகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. உடம்புச் சூடு என்று இளநீராகக் குடித்துப் பார்த்தார். ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள்.

கட்டியைப் பரிசோதித்த டாக்டரம்மாவிடம், நானும் இதற்குப் பக்கத்துப் படிப்புதான் என்று சொல்லிக் கெஞ்சினேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். புற்றணுக்கள் ஒவ்வொன்றும் வெளிறி, காலியாகத் தெரிந்தன. உள்ளே ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன்.

“காலி இல்லம்மா. அத்தனையும் கொழுப்பும் சர்க்கரையும். ஸ்லைடு பண்றப்போ கரைஞ்சு போயிடுது” என்றார்.

அவற்றின் இடையிலும் சுற்றிலும் சாயமேறிய கருநீலப் புள்ளிகள் கூட்டங்கூட்டமாக இருந்தன. அவை நோயை எதிர்க்க உடம்பு அனுப்பிய வெள்ளணுக்களாம்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அக்காவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை, அடுக்களைக்குள் போய்விட்டாள். அவரோ எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

“அவ்வளவு பேரு வந்து நிக்கானுவ. பொறவு ஏன் சண்டை போடல?”



சில மாதங்களில் எக்ஸ்ரேயில், நோய் நுரையீரலுக்குப் பரவிய புள்ளிகள் தென்பட்டன. வெள்ளணுக்களை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் ஊசி போடச் சொன்னார்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து மேனாம்பேட்டிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் அத்தானின் நண்பர்தான் பிளாஸ்க்கில் ஐஸ் கொண்டுவந்து தருவார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். நண்பருக்குப் பார்க்கப் பொறுக்காது.

“இன்னா மச்சான், இப்டி நடுங்கிகினு கீற? இந்த ஊசியே வாணாம்னு சொல்லிடேன்” என்பார்.

காய்ச்சல் வந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம் என்பது அத்தானின் கட்சி. அடுத்த எக்ஸ்ரேயில் சில புள்ளிகள் சுருங்கியிருந்தன. ஒன்று மட்டும் வளர்ந்திருந்தது. ஒரே உடம்பு, ஒரே மருந்து. அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன வந்தது?

புற்றணு சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்று, பிராணவாயு இருக்கும்போதே லாக்டிக் அமிலமாகக் கழிக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஒருநாள் ரயிலில் அதை நினைத்துக்கொண்டே வந்தபோது, சண்டைக்கு வரும் வெள்ளணுக்களுக்கும் சர்க்கரை வேண்டுமே என்று தோன்றியது. இருந்ததையெல்லாம் கட்டி தின்றுவிட்டு அமிலத்தை மட்டும் மிச்சம் வைத்தால், எவ்வளவு உசுப்பினாலும் அவை என்ன செய்யும்?

பேராசிரியரிடம் சொன்னேன். யோசனை சரி, ஆதாரம் எங்கே என்றார். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அத்தான் தன் ரத்தத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இருப்பதே குறைச்சல் என்று மறுத்து, என் விரலையே குத்திக்கொண்டேன். இளஞ்சூட்டில் கண்ணாடிமேல் வெள்ளணுக்கள் நகர்வதைப் பார்க்க முடியும். லாக்டிக் அமிலம் விட்டதும் சுருண்டு நின்றுவிட்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேராசிரியர் ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்: அவ்வளவு அமிலத்தில் எந்த அணுவும் நின்றுபோகும்.

நான் பார்த்ததையும் பேராசிரியர் சொன்னதையும் அத்தானிடம் சொன்னேன்.

“அப்பம் குறைச்சலா ஊத்திப் பாரு” என்றார்.

குறைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை, மெதுவாக ஊர்ந்தன. அமிலத்தைக் கழுவிவிட்டதும் சில மறுபடி வேகம் பிடித்தன. அதைக் கேட்டபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம், நல்ல எக்ஸ்ரே வந்த நாளில்கூட வரவில்லை. ஆனால் நுரையீரலில் சுருங்காத அந்த ஒன்று வளர்ந்துகொண்டே போனது. புதிதாகவும் சில வந்தன. ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கியபோது அத்தான் போய்விட்டார்.

இதே கேள்வியைப் பெரிய ஆய்வுக்கூடங்களில் பலர் கேட்டிருப்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். நான் நினைத்ததில் பாதிதான் தேறும்போலிருக்கிறது. கட்டிக்குள் சர்க்கரையைத் தின்பது புற்றணு மட்டுமில்லையாம், வேறு அணுக்களும் பங்கு கேட்கின்றனவாம்.

அத்தானின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, நீங்கள் இரண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். முதலிலிருந்து சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மடித்த சட்டையையே மறுபடி மடித்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“நான் தெம்புக்குன்னு பால்ல சீனி அள்ளிப் போட்டுக் கொடுத்தேனே, அதைத்தான் அது தின்னுச்சோ?”

அடுக்களையில் இருந்தபடியே சர்க்கரைப் பேச்சைக் காதில் வாங்கி, இத்தனை நாள் இதையா மனசில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று திக்கென்றது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பு ரத்தத்தில் சர்க்கரையை ஒரு அளவில் வைத்திருக்கும், பட்டினி போட்டிருந்தால் அத்தான்தான் வாடியிருப்பார் என்று விளக்கினேன்.

“நிஜமா?”

“நிஜமாக்கா.”

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வெள்ளணுக்கள் எப்படி நகரும் என்று காட்டச் சொன்னாள்.