எமன் வரக்கூடாது என்ற ஊர்

காலராவுக்குப் பிறகு எங்கள் நாடகக் கொட்டகைக்கு யாரும் வருவதில்லை. கூட்டமென்றாலே பயம். கொட்டகையைப் பிரித்துவிட்டோம், இப்போது கூப்பிடுகிற ஊருக்கு நாங்களே போகிறோம்.

இன்று படாளம். இறங்கியதுமே ஊர்ப் பெரியவர் சொன்னார்: "நாடகம் போடுங்க. ஆனா எமன் வரக்கூடாது. இப்பத்தான் போய்க்கீறான்."

எமன் இல்லாமல் எங்களிடம் நாடகமே இல்லை! "வெறுங்கையோடதான் திரும்புவான்" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

எமன் மேடையேறியதும் முன்வரிசைப் பெண்கள் துடைப்பத்தோடு எழுந்தார்கள்.

"இன்னாத்துக்குடா மறுபடியும் வந்த?"

ஊர் எல்லை வரை துரத்தினார்கள். பிழைப்புப் போச்சு என்று நின்றேன். ஆனால் திரும்பி வந்தவர்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பக்கத்து ஊர்க்காரர் ஓடிவந்தார். "அண்ணாத்த, எங்கூர்லயும் இவனைத் தொரத்தணும்!"

எமன் வேஷக்காரர் முதுகைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார்.

உங்கள் ஊரிலும் விரட்ட வேண்டுமா? சொல்லியனுப்புங்கள். துடைப்பம் மட்டும் வேண்டாம், முறம் போதும்.