பம்பை அடியும் மைட்டோகாண்ட்ரியாவும்

திருத்தணி மலைப் படியில் என் தம்பி உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, "பாவா... கால் புடிச்சிகிச்சி பாவா!" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அலறினான்.

நான் அவனைத் தாண்டிப் போனேன். தோளில் புஷ்பக் காவடி. நிற்கவில்லை.

கல்நெஞ்சக்காரி என்று நினைக்கிறீர்களா? இருங்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சென்ற வாரம் ஆடிக் கிருத்திகை. இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் வாரத்தில் ஒரு நாள்தான் எழுத்துக்காரி, மற்ற நாளெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டீச்சர். போன வருடம் நடுவில் சில வாரங்கள் இந்த இடம் காலியாகக் கிடந்ததும் நினைவிருக்கலாம். காரணத்தை இப்போது சொல்கிறேன். ரத்தசோகை. ஹீமோகுளோபின் தரைதட்டிப் போயிருந்தது. ஸ்கூல் மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிப்பதுபோல நடித்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை. என் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். லேப் மட்டும் இரண்டாவது மாடியில். அங்கே என் மைக்ராஸ்கோப்புகளை வேறொருவர் துடைத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் வியாதியைவிட அதிகமாக வலித்தது.

மாத்திரை, ஊசி, முருங்கைக்கீரை எல்லாமாகச் சேர்ந்து என்னை எழுப்பி நிற்கவைத்தன. ரிப்போர்ட் நார்மல் என்றார் டாக்டர். வீட்டில்தான் யாரும் நார்மலுக்கு வரவில்லை.

"வேலைய விட்டுடுக்கா. வீட்ல உக்காந்து எழுதிகினு இரு, போதும்" — இது தம்பி குமரேசன்.

"எதுக்கும் இந்த வருஷம் மாடி வேணாமே..." — இது வீட்டுக்காரர். அவர் எதையும் 'எதுக்கும்' என்றுதான் ஆரம்பிப்பார்.

படுத்துக்கிடந்தபோது முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். எழுந்து நடந்தால் புஷ்பக் காவடி, அதுவும் படி வழியாக. இப்போது அதோடு இன்னொன்றையும் மனதுக்குள் முடிந்துவைத்தேன். நிற்காமல் மலை ஏறிவிட்டால் லேப் என்னுடையது. நடுவில் நின்றுவிட்டால் கீழ்த்தளமே கதி. யாரோடும் வழக்காட மாட்டேன். டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா ஏறுங்க. ஆனா ஓடாதீங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல்.

என் பிறந்த வீடு பொதட்டூர்பேட்டை. தறிக்காரக் குடும்பம், தம்பி இப்போதும் பவர்லூம் ஓட்டுகிறான். எங்கள் வழக்கப்படி, சரவணப் பொய்கையில் குளித்துத் தோளில் ஏற்றிய காவடி மலைமேல்தான் இறங்க வேண்டும். நடுவில் நின்றால் குறை. தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்கள். சொல்லாத சட்டம் ஒன்றும் உண்டு — வேகம். காவடிக்கு முன்னால் அடிக்கிற பம்பை மேளம் எவ்வளவு வேகமோ அவ்வளவு பக்தி! ஆகவே எங்கள் ஆட்கள் முதல் படிகளை ஓடியே கடப்பார்கள். அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு ஊர்வார்கள். ஒவ்வொரு வருடமும் இதேதான். எதற்காக முதலில் ஓட வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

நான் கேட்டேன். பாடம் எடுக்கிற புத்தி... சும்மா இருக்குமா?

இரண்டு நிமிடம் வகுப்பு. அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாகி செல்லுக்குள் போகிறது. செல் முதலில் அதை இரண்டு துண்டாக உடைக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. கிடைக்கிற சக்தியும் கொசுறுதான். அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும். செல்லுக்குள் இருக்கிற அடுப்பு அது. அங்கேதான் ஆக்சிஜனின் துணையோடு அவை முழுசாக எரிந்து, ஏடிபி என்கிற சக்தி நிறையக் கிடைக்கிறது. மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் தண்ணீரும். நாம் இழுக்கிற மூச்சில் வருகிற ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேர்வது இந்த அடுப்புக்குத்தான். அதை ரத்தத்தில் சுமந்துபோகிற ஆள் ஹீமோகுளோபின். போன வருடம் என்னிடம் அடுப்பும் இருந்தது, விறகும் இருந்தது. காற்றைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் போதுமான ஆள் இல்லை.

சரி, படியில் ஓடினால் என்ன ஆகும்? தசை கேட்கிற வேகத்துக்கு அடுப்பு ஈடுகொடுக்காது. அவசரத்துக்குத் தசை அந்த முதல் கட்டத்தையே திரும்பத் திரும்ப ஓட்டும். உடைத்ததை எரிக்க நேரமில்லாமல் லாக்டிக் அமிலமாக்கி ஒதுக்கிவிடும். கால் கனக்கும், தொடை எரியும், மூச்சு வாங்கும். கால் பிடித்துக்கொள்வதற்கே அந்த அமிலம்தான் காரணம் என்று நாங்களெல்லாம் போர்டில் அடித்து எழுதியதுண்டு. அப்படி ஒரே போடாகப் போட முடியாது, களைத்துப்போன தசை தானாகவே இறுகிக்கொள்வதையும் பார்க்க வேண்டும் என்கிறார்கள் இப்போது. எதுவானாலும் ஓடினவன் பாடு திண்டாட்டம்.

ஆக, நிற்காமல் ஏற எனக்கு ஒரே வழிதான். என் அடுப்பு தாங்குகிற வேகத்தில் ஏறுவது. முடிவு செய்துவிட்டேன்.

பொய்கையில் குளித்து மஞ்சள் புடவை கட்டியதும் ஒரு டம்ளர் பால் குடித்தேன். வாழைப்பழத்தை உரித்தேன். தம்பி பதறிப்போனான்.

"இன்னாக்கா இது! காவடி எடுக்கிறவங்க வாயில பழமா?"

"பாலும் பழமும் விரதத்துல சேந்ததுதான்டா."

"நம்ம வழக்கத்துல இல்லியே?"

"இன்னிலேருந்து இருக்கு."

அடுத்து பம்பைக்காரர். கனகம்மாசத்திரத்திலிருந்து வருடாவருடம் எங்களுக்கு அடிக்க வருகிறவர். "அண்ணே, நான் கால் வைக்கிற வேகத்துக்கு நீங்க அடிக்கணும். நீங்க அடிக்கிற வேகத்துக்கு நான் கால் வைக்க மாட்டேன்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மெதுவா அடிச்சா ஆட்டம் எப்டிம்மா வரும்?"

"ஆட்டம் வேணாம். உச்சி வந்தா போதும்."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மானம் போவுதுக்கா. பாக்கிறவங்க இன்னா சொல்வாங்க? குடும்பத்துக்கு ஒருத்தராவது ஆடணும். நான் ஆடறேன்." முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத உடம்பு. பக்கத்துக் கோஷ்டியின் பம்பைக்குப் படியில் துள்ளித் துள்ளி ஏறினான்.

நான் மெதுவாக ஏறினேன். மூச்சை இழுத்து ஒரு படி, விட்டு ஒரு படி. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் தாண்டினார்கள், வயசானவர்கள் தாண்டினார்கள். சித்தூர் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் பரிவாகச் சொல்லிவிட்டுத் தாண்டினாள். மெதுவாகத்தானே, அம்மா, ஏறிக்கொண்டிருக்கிறேன்!

பாதி மலை தாண்டியிருப்போம். பின்னாலிருந்து ஒரு பெரிய கோஷ்டி வந்தது. அரோகரா சத்தம் காதைப் பிளந்தது. அவர்களுடைய பம்பை குதிரைபோல வந்தது. எங்கள் பம்பைக்கார அண்ணனுக்குக் கை துறுதுறுத்துவிட்டது... அவரும் வேகம் பிடித்தார். என் காலும்தான்! ரோஷம் வந்தால் டீச்சருக்கே பாடம் மறந்துபோகும் போலிருக்கிறது. கொஞ்ச தூரம் நானும் ஓடினேன்.

அவ்வளவுதான். தொடை நெருப்பாகிவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. அந்த ஸ்கூல் மாடிப்படி அப்படியே திரும்பி வந்தது. பயந்துபோனேன். நின்றுவிடுவேன் என்றே நினைத்தேன். 'அண்ணே' என்று கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை.

குரல் வராவிட்டால் என்ன, கால் என்னுடையதுதானே? அடி போகிறபடி போகட்டும் என்று விட்டுவிட்டுக் காலை இழுத்துப் பிடித்தேன். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, அப்புறம் அடுத்த படி. குழந்தை ஏறுகிற மாதிரி. பம்பைக்கார அண்ணன் திரும்பிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அடியைக் குறைத்தார். அந்த நேரத்தில் அவரைப்போல நல்ல மனிதர் உலகத்திலேயே இல்லை என்று தோன்றியது.

அப்போதுதான் சில படிகளுக்கு மேலே தம்பி உட்கார்ந்தது, அலறியது எல்லாம்.

தண்ணீர் பாட்டிலோடு என் பின்னாலேயே வந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் தவித்தார். அவனைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா? "எதுக்கும் நீயும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க அவனப் பாருங்க. காலை நீட்டிவிட்டுத் தேய்ங்க. தண்ணி குடுங்க. நான் போறேன்."

போனேன். அவனை விட்டுப் போகிறோமே என்று அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் ஏறினேன். ஆனால் கால் நிற்கவில்லை. அந்தக் கடைசிப் படிகளில் சாமியைக்கூட நினைக்கவில்லை. அடுத்த மூச்சு, அடுத்த படி, அவ்வளவுதான் நினைப்பு.

மேலே போய்க் காவடியை இறக்கினேன். உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் மூச்சு வாங்கியது. ஏறித்தான் முடித்துவிட்டோமே, இன்னும் எதற்கு? வேலை மிச்சமிருக்கிறது. தசை ஒதுக்கிவைத்த லாக்டிக் அமிலத்தை ரத்தம் எடுத்துப்போகும். ஈரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்கும். இதயமோ அதையே எரிபொருளாக எரித்துக்கொள்ளும். எத்தனையோ வருடமாக நடத்துகிற பாடம்தான். அன்றைக்குத்தான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த உடம்பு, சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பி நொண்டி நொண்டி வந்தான். முகத்தில் குற்றவாளிக் களை.

"தண்ணி குடிச்சிட்டேன்கா..."

"ஆங், முருகன் பாத்துகினுதான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல."

திங்கட்கிழமை காலை அவனிடமிருந்து போன். "கால் இன்னும் விடலக்கா. தறிகிட்ட நொண்டிகினு நடக்கிறேன். நீ எங்க இருக்க?"

"லேப்ல. ரெண்டாவது மாடி."

அவன் தறியை நிறுத்துவது கேட்டது. அப்புறம் மெல்லக் கேட்டான்: "எப்டிக்கா ஏறின?"

மெதுவாகத்தான்டா. ஆனால்... நிற்கவில்லை.